வகுப்பை முடித்தால் பிள்ளைகள் வீட்டுக்கு வந்துவிடுவார்களா?

#1 மழைக்குருவி

வணக்கம். பல மாதமாகப் படித்துவிட்டு மட்டும் போகிறவள் நான். எழுதுவது இதுதான் முதல் தடவை.

மகனுக்கு 6 வயது, மகளுக்கு 3. நான்கு மாதமாக இருவரும் என்னுடன் இல்லை, ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கிறார்கள். கதை முழுவதையும் இங்கே சொல்லப்போவதில்லை. மனசு சரியில்லாத ஒரு காலம், குடியும் சேர்ந்துகொண்டது. பிள்ளைகளைத் தனியாக விட்டுவிட்டு வெளியே போயிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. யாரோ தகவல் கொடுத்தார்கள். அந்த யாரோ மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஆனால் அவர்கள் சொன்னது பொய் இல்லை.

குடியை விட்டு இன்றோடு 97 நாள். கோர்ட் கொடுத்த திட்டத்தில் சிகிச்சை, வேலை, வீடு என்று பலதும் இருக்கின்றன. கூடவே ‘பெற்றோர் பயிற்சி வகுப்பு, 12 வாரம்’ என்று ஒரு வரி. போன வாரம் முதல் வகுப்புக்குப் போனேன். வட்டமாக நாற்காலி போட்டு ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். பிள்ளையைப் பாராட்டுவது எப்படி என்று ஒரு வீடியோ காட்டினார்கள். அடுத்த வாரத்துக்குள் வீட்டில் செய்து பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். வீட்டில் யாரை வைத்துச் செய்வது? இரண்டு கட்டிலும் காலியாகக் கிடக்கின்றன. அதை அங்கேயே கேட்டுவிடத் தோன்றியது, வாய் வரவில்லை.

ஏற்கெனவே போய்வந்தவர்கள் யாராவது இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள். இதை முடித்து சர்டிபிகேட் வாங்கினால் பிள்ளைகள் வந்துவிடுவார்களா?

#2 நெறியாளர்

வரவேற்கிறோம். ஒரு வேண்டுகோள்: ஊர், கோர்ட், அலுவலகம், பிள்ளைகளின் பெயர் எதையும் எழுத வேண்டாம். கேஸ் நடக்கும்போது இங்கே எழுதுவதை யாரும் படிக்கலாம். தீர்ப்புச் சொல்லும் தொனியில் வரும் பதில்கள் நீக்கப்படும்.

#3 நடுவழி

தங்கச்சி, நேராகவே சொல்லிவிடுகிறேன். சர்டிபிகேட்டைப் பார்த்து யாரும் பிள்ளையைக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். நான் அதை லேமினேட் செய்து எடுத்துக்கொண்டு போனேன். நீதிபதி வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “அங்கே கற்றுக்கொண்டதில் எதை இப்போது செய்கிறீர்கள்?” என்று கேட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ‘பொறுமை’ என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அடுத்த கேள்வி வந்தது. அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை, கேஸ் மூன்று மாதம் தள்ளிப்போனது.

அப்புறம்தான் என் வக்கீல் சந்திப்பு அறிக்கைகளை எடுத்து முன்னால் போட்டார். நாம் பிள்ளையைப் பார்க்கப் போகும்போது ஒருவர் மூலையில் உட்கார்ந்து எழுதுவார் இல்லையா, அந்தத் தாள்கள். என் முதல் மூன்று சந்திப்பும் ஒரே மாதிரி இருந்தன: அப்பா வந்தார், பொம்மை கொடுத்தார், போனைப் பார்த்தார், மகளிடம் பள்ளிக்கூடம் பற்றிக் கேட்டார், மகள் பதில் சொல்லவில்லை, நேரம் முடிந்தது. படித்தபோது அவமானமாக இருந்தது. ஆனால் அதில் ஒரு வரிகூடத் தப்பில்லை.

வகுப்பில் சொன்னதை அந்த ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோக ஆரம்பித்த பிறகுதான் அறிக்கை மாறியது. மொத்தம் 14 மாதம் ஆனது. மகள் வீட்டுக்கு வந்து இப்போது மூன்று வருடம். வகுப்பு இல்லாவிட்டால் வந்திருக்க மாட்டாள். அதற்காக, வகுப்பில் போய் உட்கார்ந்ததால் வந்தாள் என்றும் சொல்ல மாட்டேன்.

#4 எதிர்க்காற்று

எல்லாரும் வகுப்புக்கு மாலை போடுவதற்கு முன்னால் நான் ஒன்று சொல்கிறேன்.

இந்த வகுப்புகளில் பாதி சடங்கு. மேலே இருப்பவர்களுக்கு ஃபைலில் ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும், அவ்வளவுதான். என் நெருங்கிய உறவுக்காரப் பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன். வகுப்பு மாலை 5 மணிக்கு, அவள் வேலை முடிவது 6 மணிக்கு. முதலாளியிடம் கெஞ்சி எட்டு வகுப்புக்குப் போனாள், இரண்டு தவறியது. ‘பெற்றோரிடம் ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதிவிட்டார்கள். மறுபடி முதல் வாரத்திலிருந்து! வேலையை விட்டால் ‘வருமானம் இல்லை’, வேலைக்குப் போனால் ‘ஒத்துழைப்பு இல்லை’. இரண்டு பக்கமும் அடி வாங்க அவள் என்ன மத்தளமா?

அங்கே என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? பிள்ளைக்குத் தனி அறை ஒதுக்குங்கள், படுக்கும் முன் கதைப் புத்தகம் வாசியுங்கள். அவள் இருந்ததே ஒரே அறை.

#5 பழைய சாக்பீஸ்

பதினோரு வருடமாக இப்படிப்பட்ட வகுப்பு நடத்துகிறவன் நான். எதிர்க்காற்று சொன்னதைப் படித்துக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. அப்படிப்பட்ட வகுப்பு இருக்கிறது. என் முதல் இரண்டு வருட வகுப்பும் ஏறத்தாழ அப்படித்தான் இருந்தது. நான் பேசுவேன், அவர்கள் தலையாட்டுவார்கள், கடைசி நாள் கைகுலுக்கல்.

நான் மாறியதற்குக் காரணம் 2004இல் வந்த ஓர் ஆய்வு. பிள்ளையை அடித்துக் காயப்படுத்தியதாகப் பதிவான 110 பெற்றோரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நாம் வழக்கமாக நடத்தும் குழு வகுப்பு. இன்னொரு பிரிவுக்கு, 1970களில் ஷீலா ஐபெர்க் என்ற உளவியலாளர் உருவாக்கிய முறை. பெற்றோர் தன் சொந்தப் பிள்ளையோடு ஓர் அறையில் விளையாடுவார். பயிற்சியாளர் ஒருபக்கக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, பெற்றோரின் காதில் இருக்கும் சின்னக் கருவி வழியாக அந்தந்த நொடியிலேயே சொல்லிக்கொடுப்பார். மூன்றாவது பிரிவுக்கு அதே முறையோடு இன்னும் பல சேவைகள். ஏறத்தாழ 850 நாள் கழித்துப் பார்த்தபோது, குழு வகுப்புக்குப் போனவர்களில் 49 சதவீதம் பேர் மேல் மறுபடி புகார் வந்திருந்தது. பிள்ளையோடு பழகிப் பார்த்தவர்களில் 19 சதவீதம். கூடுதல் சேவை கொடுத்த பிரிவில் கூடுதல் பலன் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்னொரு குட்டு. நிறையக் கொடுத்தால் நிறையப் பலன் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு 2008இல் 77 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு வந்தது. அதிலும் பலன் கூடுதலாக இருந்த பயிற்சிகளுக்கு ஓர் ஒற்றுமை இருந்தது: பெற்றோர் தங்கள் சொந்தப் பிள்ளையோடு பயிற்சி நேரத்திலேயே செய்து பார்த்தார்கள். நீச்சலைக் கரும்பலகையில் எழுதிக் காட்டி என்ன பயன்?

அதனால் மழைக்குருவி அம்மா, நீங்கள் கேட்காமல் வந்த கேள்வி இருக்கிறதே, “வீட்டில் யாரை வைத்துச் செய்வது”, அதுதான் அங்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அடுத்த வாரம் கேளுங்கள். சந்திப்பு நேரத்தில் பயிற்சியாளர் ஒரு தடவையாவது உடன் இருக்க முடியுமா என்று கேளுங்கள். பல இடங்களில் யாரும் கேட்பதில்லை, அதனால் செய்வதில்லை.

முடியாது என்றாலும் ஒரு சின்ன வேலை சொல்கிறேன். சந்திப்பில் முதல் ஐந்து நிமிடம் மட்டும். பிள்ளை எதை எடுக்கிறதோ அதை நீங்களும் எடுங்கள். அது செய்வதைச் சத்தமாகச் சொல்லுங்கள்: “நீல வண்டி மேலே ஏறுகிறது.” அது சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள். அந்த ஐந்து நிமிடத்துக்குக் கேள்வி கேட்காதீர்கள், கட்டளை போடாதீர்கள், குறை சொல்லாதீர்கள். இதில் கேள்வி கேட்காமல் இருப்பதுதான் மிகக் கஷ்டம். செய்து பாருங்கள், ஒரு நிமிடத்துக்குள் மூன்று கேள்வி நழுவி விழும்.

#6 நடுவழி

நடுவர் மாதிரி விசில் வைத்துக்கொண்டு என்னைப் பழக்கினார்கள். கேள்வி வந்தால் விசில். முதல் நாள் விசில் அடித்தவருக்குத்தான் மூச்சு வாங்கியது.

#7 எதிர்க்காற்று

சாக்பீஸ் ஐயா, நீங்கள் ஒப்புக்கொண்டது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் காதில் கருவி, ஒருபக்கக் கண்ணாடி எல்லாம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? என் உறவுக்காரப் பெண்ணுக்கு வேண்டியிருந்தது வாடகைக்கு உதவியும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும்தான். கிடைத்தது என்னவோ பாராட்டுவது எப்படி என்ற பாடம். வறுமையை வகுப்பு நடத்திப் போக்க முடியுமா?

#8 மூன்றாம்படி

குடும்ப வழக்குகளில் வேலை செய்தவன் என்ற முறையில் இரண்டு மூன்று விஷயம். இது சட்ட ஆலோசனை அல்ல, உங்கள் வக்கீலிடம் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு ஒரு தொடக்கம்.

எதிர்க்காற்று சொல்வதற்கு எழுத்திலேயே ஆதாரம் உண்டு. 1989இன் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் 9ஆம் பிரிவு: பெற்றோரிடமிருந்து பிள்ளையை அவர்கள் விருப்பத்துக்கு மாறாகப் பிரிப்பது, பிள்ளையின் நலனுக்கு அது தேவை என்றால் மட்டும். பிரித்த பிறகும் பெற்றோரோடு தொடர்ந்து தொடர்பில் இருப்பது பிள்ளையின் உரிமை. கவனியுங்கள், பிள்ளையின் உரிமை. சந்திப்பு என்பது நல்லபடி நடந்துகொண்டதற்காக உங்களுக்குக் கிடைக்கும் பரிசு இல்லை. 2009இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன: பிரிப்பது கடைசி வழி, முடிந்தவரை தற்காலிகம், வறுமை மட்டுமே ஒருபோதும் காரணமாக இருக்கக் கூடாது. தாளில் இருப்பது தரையில் நடக்கிறதா என்பது வேறு கதை.

ஆனால் கடிகாரம் ஓடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. உதாரணத்துக்கு அமெரிக்காவில் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடந்த 22 மாதத்தில் 15 மாதம் பிள்ளை வெளிப் பராமரிப்பில் இருந்தால், சில விலக்குகள் தவிர, பெற்றோர் உரிமையையே ரத்து செய்ய அரசு மனுப் போட வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் வகுப்பில் சேர இரண்டு மாதம் காத்திருப்பு என்றால் அந்த இரண்டு மாதமும் பெற்றோர் கணக்கில்தான் கழிகிறது. மழைக்குருவி, உங்களுக்கு அப்படி ஒரு கெடு உண்டா, இருந்தால் என்றைக்கு என்பதை நாளைக்கே கேளுங்கள்.

அந்த 5 மணி வகுப்பு விவகாரத்தில், அந்தப் பெண் நேரம் மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் கேட்டிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். வாயால் கேட்டது ஃபைலில் ஏறாது. எழுத்தில் கேட்டு, மறுத்தார்கள் என்றால் அந்த மறுப்பு ஏறும். அநியாயம்தான், ஆனால் ஃபைல் அப்படித்தான் பேசும்.

#9 எதிர்க்காற்று

எழுத்தில் கேட்க வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? சரி, விடுங்கள். இனி வருபவர்களுக்காவது உதவட்டும்.

#10 மழைக்குருவி

எல்லாருக்கும் நன்றி. கேட்டேன். எனக்கும் கெடு உண்டு. தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டுவிட்டு, பிறகு பார்க்க முடியாமல் அந்தத் தாளை மடித்து வைத்திருக்கிறேன்.

நேற்று சந்திப்பு. ஐந்து நிமிடம் முயற்சி செய்தேன். மகனோடு சுமாராகப் போனது, நான்கு கேள்வி கேட்டுவிட்டேன். மகள் என் பக்கமே வரவில்லை. அழக்கூட இல்லை. அழைத்து வந்த அந்த அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு, என்னை யாரோ வந்துபோகும் விருந்தாளி மாதிரி பார்த்தாள். கிளம்பும்போது அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூலையில் இருந்தவர் என்ன எழுதியிருப்பார்? குடித்த காலத்தில்கூட என்னிடம்தான் ஓடிவருவாள். இப்போது குடிக்காமல் வந்து நிற்கிறேன், வரமாட்டேன் என்கிறாள். நேற்று இரவு ஒரு பாட்டில் வாங்கிவிடலாம் என்று கடை வரை போனேன். வாங்கவில்லை. திரும்பி வந்து இதை எழுதுகிறேன்.

#11 சுவடு

அக்கா, முதலில் வாங்காமல் திரும்பியதற்கு ஒரு கும்பிடு. சிகிச்சையில் உங்களுக்கு ஒருவர் இருப்பார் இல்லையா, அவரை இன்றே கூப்பிடுங்கள். இங்கே எழுதுவது போதாது.

நான் அந்தப் பக்கத்தில் இருந்தவன். 4 வயதில் போனேன், 6 வயதில் அம்மாவிடம் திரும்பினேன். சந்திப்பு அறை எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது, மஞ்சள் நிற நாற்காலிகள். அம்மா வந்தால் மேசைக்கு அடியில் போய்விடுவேன். பிடிக்காமல் இல்லை. வெளியே வந்தால் கட்டிப்பிடிப்பார், கட்டிப்பிடித்தால் அப்புறம் விட்டுவிட்டுப் போவார். அந்த விடுவது வேண்டாம் என்றுதான். இதை எனக்குச் சொல்லத் தெரிந்தபோது 25 வயது.

அம்மா என்ன செய்தார் தெரியுமா? ஒரு கட்டத்துக்குப் பிறகு என்னை இழுப்பதை விட்டுவிட்டார். அவரும் தரையில் உட்கார்ந்து, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு பந்தை உருட்டுவார். நான் திருப்பி உருட்டுவேன். முகம் தெரியாது, கை மட்டும் தெரியும். பல வாரம் அப்படியே போனது. கிளம்பும்போது “வெள்ளிக்கிழமை வருவேன்” என்பார், வெள்ளிக்கிழமை வந்தார். ஒரு தடவைகூடத் தவறவில்லை. எனக்கு அன்பு கின்பு எல்லாம் புரியவில்லை, வெள்ளிக்கிழமை புரிந்தது.

அவரும் இப்படி ஒரு வகுப்புக்குப் போனவர்தான் என்பது பிற்பாடு தெரிந்தது. நோட்டு ஒன்று வைத்திருந்தார். அதில் ஒரு பக்கம் முழுக்க ‘இழுக்காதே’ என்று எழுதியிருக்கிறது.

#12 பழைய சாக்பீஸ்

சுவடு எழுதியதற்குப் பிறகு நான் சொல்ல அதிகம் இல்லை. பெயர் மட்டும் சேர்க்கிறேன். 1950களில் ஜேம்ஸ் ராபர்ட்சனும் ஜான் பௌல்பியும், பெற்றோரைப் பிரிந்து மருத்துவமனையிலும் காப்பகத்திலும் இருந்த சின்னக் குழந்தைகளைக் கவனித்தார்கள். முதலில் கதறி எதிர்ப்பு, அடுத்து நம்பிக்கை விட்டுப்போன துக்கம், கடைசியில் ஒட்டாமல் விலகி நிற்பது. இந்த மூன்றாவதைத்தான் அக்காலத்துச் செவிலியர்கள் ‘குழந்தை பழகிவிட்டது’ என்று நினைத்தார்கள். அம்மா வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உங்கள் மகள் உங்களை மறந்துவிட்டாள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதை அந்த மூலையில் எழுதுபவரிடமும் உங்கள் வாயாலேயே சொல்லலாம்: “அவள் விலகுவது எனக்குப் புரிகிறது, நான் இழுக்கப்போவதில்லை.” அப்படிச் சொல்லி, அப்படியே செய்தால் அதையும் அவர் எழுதுவார்.

கைக்குழந்தைகளை வளர்ப்பவர்களுக்கு மேரி டோசியர் உருவாக்கிய பத்து வாரப் பயிற்சி ஒன்று உண்டு, வீட்டுக்கே வந்து நடத்துவது. அதன் அடிப்படைகளில் ஒன்று இதுதான்: பிள்ளை ‘நீ வேண்டாம்’ என்பது போல நடந்தாலும் அதற்குத் தேவையிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அன்பாகவே நடப்பது. பிள்ளை தள்ளிவிட்டால் நாமும் விலகுவது மனித இயல்பு. அந்த இயல்பை மீறத்தான் பயிற்சி.

#13 இரவல்கூடு

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் அந்த ‘அழைத்து வந்த அம்மா’. உங்கள் பிள்ளைகளுடையது இல்லை, வேறு பிள்ளைகளுடைய. ஏழு வருடத்தில் ஒன்பது பிள்ளைகள் என் வீட்டில் இருந்து போயிருக்கிறார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் பிள்ளை வந்தபோது அதன் அம்மா மேல் எனக்கு மதிப்பே இல்லை. எனக்குள் ஒரு போட்டி இருந்தது. சந்திப்பு முடிந்து வந்து பிள்ளை இரவெல்லாம் அழுதால், ‘பார், அவளைப் பார்த்ததால்தான்’ என்று நினைப்பேன். மூன்றாவது பிள்ளையின்போதுதான் ஒரு சமூகப் பணியாளர் எங்கள் இருவரையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்தார். சொந்த அம்மாவும் வளர்க்கும் அம்மாவும் ஒரே வட்டத்தில். முதல் நாள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இரண்டாவது வாரம் அவர் கேட்டார்: “தூங்கும்போது அவனுக்குக் காது மடலைத் தடவிக்கொடுக்கிறீர்களா?” இரண்டு மாதமாக அவன் தூங்காமல் எங்களைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தான். யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை. நானும்தான்.

மழைக்குருவி, உங்களுக்கு மட்டும் தெரிந்த இப்படிப்பட்ட விஷயங்களை ஒரு தாளில் எழுதி, பணியாளர் மூலம் அந்தக் குடும்பத்துக்குக் கொடுங்கள். எப்படித் தூங்குவாள், எதற்குப் பயப்படுவான், எந்தப் போர்வை. அது உங்கள் பிள்ளைகளுக்கும் உதவும். அந்த அம்மாவும் உங்களை வேறு கண்ணால் பார்ப்பார்.

#14 எதிர்க்காற்று

இரவல்கூடு அம்மாவின் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். வகுப்பு எதிர்ப்பை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் அந்தக் காது மடல் விஷயம் எந்த வீடியோவிலும் வராது, வட்டமாக உட்கார்ந்ததால் வந்தது. அது வேறு சமாச்சாரம்.

#15 மழைக்குருவி

ஆறு வாரம் கழித்து வருகிறேன். மன்னிக்கவும்.

வகுப்பில் அந்தக் கேள்வியைக் கேட்டேன். கேட்டதும் மற்ற எட்டுப் பேரில் ஐந்து பேர், “எங்களுக்கும் அதே கேள்விதான்” என்றார்கள்! ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை அதுவரை. இப்போது முதல் முக்கால் மணி நேரம் நாங்களே அம்மாவாகவும் பிள்ளையாகவும் நடிக்கிறோம். ஒரு பெரிய மீசைக்காரர் மூன்று வயதுப் பெண்ணாக நடித்து, பென்சிலைத் தூக்கி எறிந்து தரையில் புரண்டார். வயிறு வலிக்கச் சிரித்தேன், கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தேன் என்று தெரியவில்லை. அவர் புரளும்போது எனக்குக் கோபமும் வந்தது, உண்மையான கோபம். “இப்போது உடம்பில் எங்கே தெரிகிறது?” என்று நடத்துபவர் கேட்டார். தாடையில். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் எனக்கே தெரியாத விஷயம்.

பயிற்சியாளர் இரண்டு சந்திப்புக்கு வந்தார். காதுக்கருவி எல்லாம் இல்லை, என் பின்னால் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார், அவ்வளவுதான்.

மகள்: இழுப்பதை விட்டேன். பந்து உருட்டினேன் (நன்றி சுவடு). நான்காவது வாரம் பந்தைத் திருப்பி உருட்டினாள். போன வாரம் என் மடியில் காலை மட்டும் வைத்தாள். உடம்பு முழுவதும் அந்த அம்மா பக்கம், இரண்டு கால் மட்டும் என் பக்கம். நான் அசையவே இல்லை.

தாளும் எழுதிக் கொடுத்தேன், நான்கு பக்கம் வந்தது.

ஒரு பயமும் இருக்கிறது. அடுத்த மாதத்திலிருந்து வார இறுதியில் வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்கிறார்கள். இவ்வளவு நாள் அதற்காகத் தவம் கிடந்தேன். இப்போது வயிற்றைக் கலக்குகிறது.

#16 நடுவழி

கலக்கட்டும், கலக்காவிட்டால்தான் நான் பயப்படுவேன்.

இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை, அதனால் நீளமாகவே எழுதுகிறேன். பிள்ளை திரும்பி வந்ததும் முதல் இரண்டு மூன்று வாரம் தேனாக இருக்கும். சொன்ன பேச்சுக் கேட்கும், தட்டை எடுத்து வைக்கும், நீங்கள் ‘அப்பாடா’ என்பீர்கள். அது பழகிவிட்டது என்று நான் நினைத்தேன். பிற்பாடுதான் புரிந்தது, என் மகள் விருந்தாளியாக இருந்தாள். ஐந்தாவது வாரம் விருந்தாளி போய் மகள் வந்தாள். கதவை உதைத்தாள், என்னைக் கடித்தாள், “அந்த வீட்டுக்கே போகிறேன்” என்றாள். ஒரு நாள் இரவு, இவளைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அன்று யாரைக் கூப்பிட்டேன் தெரியுமா? பணியாளரை இல்லை. கூப்பிட்டால் எழுதுவார் என்று பயம். வகுப்பில் என் பக்கத்து நாற்காலிக்காரரைக் கூப்பிட்டேன். அவர் மகன் இரண்டு மாதம் முன்னால் திரும்பியிருந்தான். “கடித்தாளா? அப்படியென்றால் வீட்டுக்கு வந்துவிட்டாள்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் அன்றைய இரவு கடந்தது.

ஆகவே பாடத்தை மறந்தாலும் பரவாயில்லை, அங்கிருக்கும் இரண்டு பேருடைய போன் நம்பரை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். கேஸ் முடிந்ததும் பணியாளர் போய்விடுவார், வக்கீல் போய்விடுவார்.

#17 பழைய சாக்பீஸ்

நடுவழி சொல்வது நடத்துபவர்களுக்கும் பாடம். பல திட்டங்களில் பிள்ளை வீடு திரும்பிய அன்றே ஆதரவும் முடிந்துவிடுகிறது. என் வகுப்பில் இப்போது முடித்தவர்களும் மாதம் ஒரு முறை வரலாம் என்று வைத்திருக்கிறோம். பெற்றோர் தங்களுக்குள் கூடிப் பேசும் குழுக்கள் புதிது ஒன்றும் இல்லை. 1969இலேயே அமெரிக்காவில், தன் பிள்ளையிடம் தானே வன்முறையாக நடப்பதை உணர்ந்த ஒரு தாய், ஒரு சமூகப் பணியாளரோடு சேர்ந்து அப்படி ஒன்றைத் தொடங்கினார்.

ஐந்தாவது வாரம் பற்றி ஒரு குறிப்பு. ஜெரால்ட் பேட்டர்சன் என்பவர் வீடுகளுக்கே போய்ப் பார்த்து விவரித்த ஒரு சுழல் இருக்கிறது. பெற்றோர் ஏதோ சொல்கிறார், பிள்ளை கத்துகிறது, பெற்றோர் விட்டுக்கொடுக்கிறார், பிள்ளை அமைதியாகிறது. கத்தினால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. விட்டுக்கொடுத்தால் சத்தம் நிற்கும் என்று பெற்றோரும் கற்றுக்கொள்கிறார். இருவருக்கும் அந்த நொடியில் லாபம். பிரிந்திருந்த பெற்றோருக்குக் குற்ற உணர்ச்சியும் சேர்வதால் இந்தக் குழியில் விழுவது இன்னும் சுலபம். ‘பாவம், பட்டது போதும்’ என்று எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிடுவோம். நாலு வாரம் கழித்துத் தாங்க முடியாமல் ஒரே நாளில் வெடிப்போம். சொல்வது குறைவாக இருக்கட்டும், சொன்னால் மாறாமல் இருக்கட்டும்.

#18 மூன்றாம்படி

வார இறுதி வருகைகளில் நடந்ததை நீங்களும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். நல்லது மட்டும் வேண்டாம். சிக்கல் வந்தது, நான் இன்னது செய்தேன், இன்னாரிடம் உதவி கேட்டேன் என்றும் எழுதுங்கள். எந்தச் சிக்கலும் வரவில்லை என்று எழுதிய நோட்டை யாரும் நம்பியதாக எனக்கு நினைவில்லை.

#19 எதிர்க்காற்று

அந்த உறவுக்காரப் பெண்ணுக்கு இந்த இழையை அனுப்பினேன். நேரம் மாற்றச் சொல்லிக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். நான்தான் டைப் அடித்தேன். சனிக்கிழமை வகுப்பு கிடைத்திருக்கிறது. வீட்டு வாடகை அப்படியேதான் இருக்கிறது, அதையும் பதிவு செய்துகொள்கிறேன்.

#20 மழைக்குருவி

முதல் வார இறுதி முடிந்தது. 12 வகுப்பும் முடிந்துவிட்டது. சர்டிபிகேட் கொடுத்தார்கள், லேமினேட் செய்யவில்லை. கோர்ட் அடுத்த மாதம்.

சனிக்கிழமை மாலை மகள் பந்தைச் சுவரில் எறிந்து எறிந்து ஒரு கண்ணாடி உடைந்தது. தாடை இறுகியது, தெரிந்தது. சமையலறைக்குப் போய்ப் பத்து எண்ணிவிட்டு வந்து கண்ணாடியைப் பெருக்கினேன். மகன் மூலையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், நான் என்ன செய்யப்போகிறேன் என்று. பெருக்கி முடிக்கும் வரை பார்த்தான். பிறகு குப்பைக் கூடையை எடுத்து வந்து நீட்டினான். நோட்டில் எழுதிவிட்டேன்.

இரவு ஒரு பிரச்சினை. விளக்கை அணைக்கவே விடமாட்டேன் என்கிறான். அணைத்தால் எழுந்து வந்து நான் இருக்கிறேனா என்று பார்க்கிறான். நான் அவர்களை விட்டுப் போனதெல்லாம் இரவில்தான். வகுப்பில் ‘தூங்கும் நேரத்து ஒழுங்கு’ என்று சொன்னார்கள். அணைத்துப் பழக்க வேண்டுமா, அப்படியே விடலாமா?

#21 இரவல்கூடு

விடுங்கள் அம்மா. படுக்கப்போகும் நேரம் ஒழுங்காக இருந்தால் போதும், விளக்கு அவன் பாடு.

#22 நடுவழி

எங்கள் வீட்டில் மூன்று வருடமாக எரிகிறது.